சொட்டும் இடமும் பொத்தல் இடமும்

டீசல் ஒழுகுகிறது என்று வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவருபவர்கள் சொட்டு விழும் இடத்தைத்தான் காட்டுவார்கள். பொத்தல் பெரும்பாலும் அங்கே இருக்காது. டீசல் தகட்டோடு ஒட்டியபடி வழிந்து, தாழ்வான ஓரத்துக்கு வந்த பிறகே சொட்டும். அதனால் நான் முதலில் டேங்கைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, மேலே சாக்பீஸ் பொடி தூவுவேன். பொடி முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் வேலை.

இரும்பு டேங்க் உள்ள பழைய பிக்கப்பில் அந்த இடம் பல சமயம் டேங்கைத் தாங்கும் பட்டைக்கு அடியில்தான் இருக்கும். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள ரப்பரில் சேறு புகுந்துவிட்டால் சித்திரை வெயிலிலும் உள்ளே ஈரம் போகாது. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். பட்டையைக் கழற்றினால் தகடு செதில் செதிலாக உரியும்.

எங்கள் குருவிநத்தம் தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கத்து ஊர். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு எஞ்சின் ஆயிலை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சேஸ் பெட்டிக்குள்ளும் பட்டைக்குள்ளும் தங்கிய வண்டல் யார் கண்ணிலும் படுவதில்லை.

வெள்ளத்தையும் மிஞ்சியது உப்பு. கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே சேஸிலும் டீசல் பைப்பிலும் வடிந்துகொண்டே இருக்கும். உர மூட்டை ஏற்றுபவர்கள் தங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்கிறார்கள். ஆனால் பொட்டாஷ் உரமும் சமையல் உப்பைப் போல ஒரு குளோரைடு உப்புதான். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது முதல் மழையில் கரைந்து இரும்பைத் தின்னும். மீனோ உரமோ, இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பழைய ஆயிலை அடித்துவிட்டால் துரு பிடிக்காது என்பார்கள். இரும்புக்குச் சரி, அதே ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊதிக் கெட்டுவிடும்.

ஒரு சொட்டும் விழாத கசிவும் உண்டு. டேங்கிலிருந்து டீசலை ஃபீட் பம்ப் உறிஞ்சுகிறது. அந்தப் பாதையில் துருப்பிடித்த பைப்போ வெடித்த ஹோஸோ இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி நின்ற வண்டி காலையில் கிளம்பாது. பிரைமர் பம்பைக் கையால் அடித்தால் கிளம்பும். பாட்டரியை மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று பிடிக்கிறது. சில சமயம் ஒரு கிளாம்ப்பிலேயே முடிகிற வேலை அது.

வழியில் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம்; டீசலில் சோப்பு கரையாது. எம்-சீலும் சில நாள் தாங்கும். ஆனால் டேங்கை நேரே வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்கில் டீசல் இல்லாவிட்டாலும் அதன் ஆவி இருக்கும். சூடு பட்டால் டேங்க் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும். துருவில் மெலிந்த தகட்டில் பற்றவைப்பு நிற்கவும் நிற்காது. வேறு டேங்க் வாங்கக் காசு சேரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கட்டும்.