ஆடுகளுக்குப் பெயர் இல்லை

ஆடு புலி ஆட்டம் அறியாத சிற்றூர் மதுரைச் சீமையில் உண்டோ? மண்டபத்துக் கல்தரையிலும் மந்தைத் திண்ணையிலும் யாரோ என்றோ கீறி வைத்த கோடுகள். 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடு எதையும் வெட்டாது. கூடி நின்று வழியடைப்பது ஒன்றே அதன் படைக்கலம். எனவே ஆட்டுப் பக்கம் அமர்ந்தவர் புலியை மடக்கும் முன்பு இரண்டொன்றைப் பலி கொடுக்கவே நேரும். அதற்காக எவரும் கண்ணீர் விட்டதில்லை. புளியங்கொட்டைதானே!

இதே கணக்கு வேறு கோலத்தில் கைபேசித் திரைக்குள்ளும் நடக்கிறது என்பதை விளாங்குடிப் பங்கின் இளையோர் வழியாகவே நாம் அறிந்தோம். 'எக்ஸ்-காம்' என்பது அவ்விளையாட்டின் பெயர். ஜூலியன் கோலப் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் சகோதரர் நிக்கும் உருவாக்க, 1994-இல் வெளிவந்தது. 2012-இல் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் அதைப் புதுக்கி அமைத்தது. பின்னர் அது கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. வேற்றுலகத்தார் மண்ணுலகின் மேல் படையெடுத்து வருகின்றனர். இந்தியா உள்ளிட்ட 16 நாடுகள் கூடி ஒரு சிறு படையை அமைக்கின்றன. நாடுகளில் அச்சம் மிகுந்து 8 நாடுகள் விலகிவிட்டால் ஆட்டம் தோல்வி. உலகையே காக்கும் அப்படையிலிருந்து ஒரு களத்திற்குச் செல்வோரோ முதலில் நால்வர்; பின்னர் கூடினாலும் அறுவர்!

கணினி விளையாட்டு என்றாலே விரலின் வேகம் என்று எண்ணியிருந்த நமக்கு இது வியப்பளித்தது. நம் முறை வரும்போது எவ்வளவு நேரமும் சிந்திக்கலாம்; காபி அருந்திவிட்டு வந்தும் சிந்திக்கலாம். நாம் முடித்தோம் என்று அறிவித்த பிறகே எதிரி அசைவான். சுடுமுன் குறி தப்பாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று திரை காட்டும். 90 என்று காட்டியதும் தப்புவதுண்டு.

எனினும் நம்மை நிறுத்தி வைத்தது வேறொன்று. இங்கே ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, நாடு உண்டு. வேண்டினால் நாமே பெயர் சூட்டலாம். களத்தில் பிழைத்து வருபவன் பதவி உயர்வு பெறுகிறான். சில காலத்தில் பட்டப்பெயரும் பெறுகிறான். காயமுற்றவன் பல நாள் படுக்கையில் கிடக்கிறான். இறந்தவன் மீள்வதில்லை, பாசறையின் நினைவுச் சுவரில் அவன் பெயர் ஏறுகிறது. பழைய கட்டத்துக்குத் திரும்பிச் சென்று அவனை உயிர்ப்பித்துக் கொள்ள வசதி உண்டு. அவ்வசதியைத் தாமாகவே துறந்து ஆடுவோரும் உளர். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பவர் நாம். அச்சுவரைக் கடந்து போக நம்மால் எளிதில் இயலவில்லை.

தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இருண்ட கதவை முதலில் திறக்கப் புதியவனை அனுப்புவர். அனுபவசாலி விலைமதிப்பற்றவன்; புதியவனை நாளையே வேறொருவனைக் கொண்டு ஈடு செய்யலாம். ஒருவன் மடிந்தால் பலர் பிழைப்பர் என்று கயபா போட்ட கணக்கு இதுவே அல்லவா? கூட்டலில் பிழை காண இயலாது. அதனாலேயே அது அஞ்சத்தக்கது.

இவ்விளையாட்டை மேடையில் கண்டித்துப் பேச வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டதுண்டு. இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளையைக் கண்டிக்க நாமும் தயங்கோம். ஆயினும் நம் குறை வேறு. எதிர்ப்பக்கத்தாருக்கு இனப்பெயர் உண்டு; ஆளுக்கொரு பெயர் இல்லை. பிடிபட்டவரை விசாரணைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள், மாண்டவரை அறுத்து ஆராய்கிறார்கள். திரைக்கு முன் இருப்பவர் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் புளியங்கொட்டைகளே.

நம் பாடற்குழுவில் ஓர் இளைஞன். அவனுடைய அண்ணன் திண்டுக்கல் சாலையில் இரு சக்கர வண்டி விபத்தில் இறந்தான். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். சில மாதங்களுக்குப் பின் தம்பி தன் படையில் ஒரு வீரனுக்கு அண்ணனின் பெயரைச் சூட்டினான். அவ்வீரனை அவன் எந்தக் களத்துக்கும் அனுப்பியதே இல்லை. பதவி உயர்வும் இன்றிப் பாசறையிலேயே இருந்தான், பத்திரமாக.

ஒரு ஞாயிறு மாலை, பாடல் பயிற்சி முடிந்ததும் கைபேசியோடு நம்மிடம் வந்தான். கடினமான களம் ஒன்று வந்திருந்தது. மூத்த வீரர் பலர் காயமுற்றுப் படுக்கையில். செல்லத்தக்கவர் ஐவர், ஆறாவதாக எஞ்சியிருந்தவன் அண்ணன் பெயர் கொண்டவன்.

"அனுப்பலாமா ஃபாதர்?"

ஆறு ஆண்டு இறையியல் படித்த நாம் அதற்கு விடை சொல்லவில்லை. அவனே சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வானூர்தியில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு ஐவரை மட்டும் அனுப்பினான்.

வெற்றி கிட்டியது, ஆனால் இருவர் திரும்பவில்லை. ஒருவர் நைஜீரியர், மற்றவர் பிரேசில் நாட்டவர்; இயந்திரமே சூட்டிய பெயர்கள். "ஆறு பேராய்ப் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் ஃபாதர்" என்றான். பின்பு நினைவுச் சுவரைத் திறந்து, அவ்விருவர் பெயரையும் நமக்கு வாசித்துக் காட்டினான்.