சூரைச்செடியின் நிழலிலே

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போலத் துடுப்பாட்டத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின், பேனாவை எடுத்தவுடன் எம் நெஞ்சில் வந்து நின்றவர், நம் கல்லூரியிலே ஒரு நாளேனும் கற்பித்தறியாத ஒரு கிறித்தவ ஆசிரியர். யாம் இத்தொழிலில் நிலைத்தமைக்கு அவரே காரணர். இந்துக் கல்லூரி மலரிலே கிறித்தவர் ஒருவருக்கு நன்றி கூறுதல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராயின், அன்னார் நாவலரவர்களின் வரலாற்றை நினைவு கூர்வாராக. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணை நின்ற பின்னரன்றோ அவர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்!

எமக்கு முதல் நியமனம் கிடைத்தது 1974 ஆம் ஆண்டு தை மாதத்திலாகும். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்து, அதன் இறுதி நாளின் துயரம் ஊரெங்கும் கனத்திருந்த காலம் அது. வலிகாமத்துக் கிராமமொன்றிலே, முன்னர் மிஷனாரால் நடத்தப்பெற்று 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அரசினர் கைக்கு மாறிய பாடசாலை. எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்குமாறு அதிபர் பணித்தார். மாணாக்கர் நாற்பத்திருவர்.

நம் கல்லூரியிலே எமக்குத் தமிழ் கற்பித்த பெரியார்களின் நிழல் வகுப்பு வாயிலில் விழுந்த மாத்திரத்தே அமைதி தானே வந்து குடிகொள்ளும். அவ்வமைதி வேட்டியோடும் சால்வையோடும் சேர்ந்து வருவதென்று யாம் நம்பியிருந்தோம். எமது பேதைமை இருந்தவாறு என்னே! யாம் கரும்பலகைப் பக்கம் திரும்பினாற் பின்வரிசையிலிருந்து ஒரு முனகல் எழும். திரும்பிப் பார்த்தால் நாற்பத்திரண்டு முகங்களும் புத்தர் சிலைகளாய் அமர்ந்திருக்கும். இடாப்புக் கூப்பிடும்போது ஒருவனுடைய பெயருக்கு மூவர் விடையளிப்பர். ஒரு நாள் யாம் அமரவிருந்த கதிரையின் காலொன்று கழற்றப்பட்டிருந்தது. அன்று வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால், இன்று நினைக்குமிடத்து எமக்கும் சிரிப்பு வருகின்றது; அன்று வந்தது அழுகையே.

இவற்றிற்கெல்லாம் தலைவனென யாம் கருதியவன் பின்வரிசை மூலையில் இருந்த ஒரு பையன். பாடம் தொடங்கிச் சிறிது நேரத்திலே மேசையிற் கவிழ்ந்து உறங்குவான். எழுப்பினால் எதிர்த்துப் பேசுவான். மாசி மாதத்து இறுதியில் ஒரு நாள் பிரம்பை எடுத்தோம். நான்கு அடிகள் அடித்தோம். ஓர் அடி போதாதோவென்று இன்றும் எம்மை யாமே கேட்பதுண்டு. அவன் நீட்டிய கையை இழுக்கவில்லை, அழவுமில்லை, எம்மைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுநாள் வகுப்பிலே முனகல் இல்லை. யாம் விரும்பிய அமைதி வந்துவிட்டது. ஆனால், வினா ஒன்றைக் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் தலை குனிந்திருந்தனர். அன்று மாலையே பதவி விலகற் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

கணிதம் கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் அங்கிருந்தார். மிஷன் காலத்திலிருந்தே அப்பாடசாலையிற் பணிபுரிபவர். தமது பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியவரல்லர். ஆதலின் ஈண்டும் எழுதாது விடுகின்றோம். அடுத்த நாள் மதிய இடைவேளையில் வேப்பமர நிழலிலே தனித்திருந்த எம்மருகே வந்தமர்ந்தார். கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்?" என்பது.

யாம் உண்ணவில்லை. உறங்கவுமில்லை. அவர் தமது பொட்டலத்தை அவிழ்த்து, அவித்த மரவள்ளிக் கிழங்கையும் சம்பலையும் பாதியாக்கி எம்முன் வைத்தார். அக்காலத்தில் மாவுக்கும் பாணுக்கும் இருந்த தட்டுப்பாட்டை அறிந்தவர்கள் அந்தப் பாதியின் அருமையை அறிவர். யாம் உண்டு முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பின்னரே எலியா தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னார். எலியா பெரியதொரு வெற்றியின் பின் அரசிக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியொன்றின் கீழ் விழுந்து, தமது உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவனை வேண்டினாராம். தேவதூதன் வந்தான், உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தழலிற் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், உறங்க விட்டான், மீண்டும் எழுப்பி மீண்டும் உண்பித்தான். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்து, மெல்லிய குரலிலே ஆண்டவன் பேசியது அதற்கு நாற்பது நாளின் பின்னர்.

"முதலிற் சோறு, பிறகு நித்திரை, அதற்குப் பிறகுதான் பேச்சு. உமக்கும் அப்படித்தான், அந்தப் பொடியனுக்கும் அப்படித்தான்" என்றார்.

யாம் கடிதத்தை எடுத்துக் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு நகைத்தார். "எங்கள் ஆண்டவருடைய வகுப்பிலே பன்னிரண்டு பேர்தாம். மூன்று வருஷம் படிப்பித்தார். அவர்களுக்குள்ளே யார் பெரியவன் என்று சண்டை. கடைசி இரவிலே விழித்திருக்கச் சொல்ல, நித்திரை கொண்டார்கள். ஒருவன் காட்டிக் கொடுத்தான். தலைமாணாக்கன் தெரியாதென்று மூன்றுமுறை சொன்னான். உமக்கு நாற்பத்திரண்டு பேர், இரண்டு மாதம்!"

அப்பேதுருவை உயிர்த்தெழுந்த இயேசுநாதர் கடற்கரையிலே கண்டபோது, கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆக்கி வைத்திருந்தாராம். உண்ட பின்னரே, 'என்னிடத்தில் அன்பு உண்டோ' என்னும் கருத்தில் மூன்றுமுறை வினாவினாராம். மறுதலித்தது மூன்று முறையாதலின் வினாவும் மூன்று முறை என்று விளக்கினார் கணித ஆசிரியர். யாம் விடவில்லை. ஆலயத்திலே அவர் கயிற்றுச் சாட்டை எடுத்தாரன்றோ என்று வாதித்தோம். "எடுத்தார். வியாபாரிகளுக்கு. மாணாக்கருக்கு எடுத்ததாக எங்கேயாவது வாசித்தீரோ?" என்றார். எமக்கு விடை இல்லை.

அவர் சொன்னவையெல்லாம் வேதாகமக் கதைகளென்று எண்ணற்க. மணியடிக்குமுன் வாயிலிற் போய் நில்லும். உள்ளே வருகின்ற ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். செய்ய முடியாத தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்தாதேயும். ஒருவன் செய்த குற்றத்துக்கு வகுப்பு முழுவதையும் நிறுத்தி வையாதேயும் என்பன போன்றவையும் சொன்னார். ஈற்றிலே, "நன்னூல் படித்தீரல்லவோ? அதிலே நீர் எந்த மரம்?" என்று கேட்டார். எமக்குச் சுருக்கென்றது. ஆசிரியராகாதாருக்கு உவமையாகப் பவணந்தியார் கூறியவற்றுள் மடற்பனையும் ஒன்று. பழம் தானாக விழுந்தாலன்றி ஏறிப் பறிக்க ஒருவரையும் கிட்ட விடாத மரம். பனைநாட்டிலே பிறந்த எமக்கு அதற்கு உரை வேண்டியதில்லை. சமணர் செய்த நூலை, நாவலர் காண்டிகையுரையோடு இந்துக் கல்லூரியிலே கற்ற எமக்கு, கிறித்தவர் ஒருவர் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

அன்று புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். "நான் காலையிலே இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் செபிக்கிறனான். கூட ஒன்றும் கேட்கிறதில்லை. நீர் உம்முடைய பிள்ளையாரிடம் சொல்லும். கோபம் வருகிற பெயரை இரண்டு முறை சொல்லும்." எம்மை மதம் மாற்றும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதை ஈண்டுக் கூறுதல் எம் கடன்.

அடுத்த சனிக்கிழமை வைகறையிலே அப்பையனுடைய வீடு தேடிச் சைக்கிளிற் சென்றோம். அவன் வீட்டில் இல்லை. தோட்டத்திலே துலா மிதித்துக்கொண்டிருந்தான். கீழே தாயார் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். தகப்பனார் மிளகாய் செய்கைக்கென வன்னிக்குப் போயிருந்தார். துலாவால் இறங்கியதும் அவன் சங்கக்கடை வரிசைக்கு ஓட வேண்டும்; அதன் பின்னரே பள்ளிக்கூடம். எமது பாடம் அவனுக்கு நாளின் முற்பகலன்று. பாதி நாள் உழைத்த பின் வந்த ஓய்வு. எம்மைக் கண்டு, துலாவில் நின்றபடியே, "சேர், வாங்கோ" என்றான். அடித்தது பிழையென்று அவனிடம் சொல்லவே யாம் சென்றோம். சொல்ல நா எழவில்லை. தாயார் தந்த வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். திங்கட்கிழமை வகுப்பிலே, முதல் இருபது நிமிடம் அவன் உறங்கலாம் என்று சொன்னோம், வகுப்புச் சிரித்தது, அவனும் சிரித்தான்.

அதன் பின் எல்லாம் நன்றாய் முடிந்ததெனக் கூறின் பொய்யாகும். அவ்வகுப்பு எமக்கு ஆண்டிறுதி வரையும் இடர் தந்தது. அப்பையன் அடுத்த ஆண்டிலே படிப்பை விட்டுத் தந்தையாரோடு வன்னிக்குப் போய்விட்டான். யாம் தடுத்துப் பார்த்தும் முடியவில்லை. அவ்விழப்பு எமதே என்று அன்று கருதினோம். இன்றும் அக்கருத்து மாறவில்லை.

கணித ஆசிரியர் சில ஆண்டுகளின் பின் இளைப்பாறியபோது தமது அலுமாரியிலிருந்த பொருள்களை எமக்குக் கொடுத்தார். கவராயம் ஒன்று, மரக் கோணமானி ஒன்று, மட்டை கிழிந்த அப்பியாசக் கொப்பி ஒன்று. கொப்பியிலே ஆண்டுவாரியாக மாணாக்கர் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. வன்னிக்குப் போனவனுடைய பெயர், அவன் போன பின் வந்த ஆண்டுகளின் பக்கங்களிலும் இருந்தது. 1974 ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டினோம். எட்டாம் வகுப்பின் நாற்பத்திரண்டு பெயர்களின் கீழே, நாற்பத்து மூன்றாவதாக எமது பெயரும், யாம் கடமையேற்ற தை மாதத் திகதியும் அவருடைய சிறிய எழுத்திலே இருந்தன.