இருக்கை

நெல்லைச் சீமையிலும் மதுரைப் பக்கத்திலும் ஒரு பேச்சு வழக்கு உண்டு. ‘உங்கள் மகன் என்ன செய்கிறான்?’ என்று கேட்டால், ‘சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறான்’ என்பார்கள். ‘வேலை செய்கிறான்’ என்று சொல்ல வேண்டிய தேவையில்லை. ‘நிற்கிறான்’ என்பதே போதும். அதே கடையின் உரிமையாளரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்’ என்பார்கள். கூலி பெறுபவர் யார், கொடுப்பவர் யார் என்பதை இரண்டே வினைச்சொற்களால் மொழி பிரித்துக் காட்டிவிடுகிறது. எவரும் திட்டமிட்டு உருவாக்கிய வழக்கு அன்று இது. மக்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நாளிதழ் ஒன்றில் வந்த ஒரு சிறு செய்தியைப் படித்தபோது இந்த வழக்கு என் நினைவுக்கு வந்தது. அன்றைய தலைப்புச் செய்தி எது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது; இந்தச் சிறு செய்தி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்துவதற்கான முன்வரைவு சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டது என்பதே செய்தி. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரியும் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தரப்பட வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள அது பயன்பட வேண்டும் என்று அத்திருத்தம் கூறியது. 22-அ என்னும் புதிய பிரிவாக அது சட்டத்தில் இடம்பெற்றது.

‘உட்காருவதற்கும் ஒரு சட்டமா?’ என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிக்கத்தக்க செய்திதான். மூச்சு விடுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தால், அதுவும் இப்படித்தான் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இந்தச் சட்டம் எவருடைய மேசையிலும் தானாக முளைக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல், கேரளம் இதே உரிமையைச் சட்டமாக்கியது. அதற்குப் பின்னால் ஜவுளிக்கடைகளில் நின்ற பெண்களின் நீண்ட போராட்டம் இருந்தது. கோழிக்கோட்டின் கடைத்தெருவில் பணிபுரிந்த பெண்கள், முதலில் கழிப்பறை கேட்டுத்தான் ஒன்று சேர்ந்தார்கள். கழிப்பறை இல்லாத காரணத்தால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள். ‘பெண்கூட்டு’ என்ற அவர்களுடைய அமைப்பு அதன்பிறகு நாற்காலி கேட்டது. திருச்சூரில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஒரு போராட்டம் நூறு நாள்களைக் கடந்தும் நீடித்தது. மலையாளத்தில் அதற்கு வழங்கிய பெயர் ‘இரிக்கல் சமரம்’. உட்காருவதற்கான போராட்டம் என்பது பொருள். ‘இரு’ என்னும் வேர்ச்சொல் நமக்கும் பொதுவானதுதான். தமிழில் அதற்கு உட்காருதல் என்றும் பொருள் உண்டு. உயிரோடு விளங்குதல் என்றும் பொருள் உண்டு. அதனால்தான் நாற்காலியை ‘இருக்கை’ என்கிறோம். அரசன் கொலுமண்டபத்தில் ‘வீற்றிருந்தான்’ என்கிறோம்.

நாள் முழுவதும் நிற்பதால் உடலுக்கு என்ன நேர்கிறது? இதயம் அனுப்பிய இரத்தம் பாதம் வரை எளிதாக இறங்கிவிடுகிறது. அது மேலேறி வருவதுதான் கடினம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கிணற்று நீரை இறைப்பதுபோல் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் அதைத் திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. ஒருவர் நடக்காமலும் உட்காராமலும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் இந்த இறைப்பு நின்றுபோகிறது. இரத்தம் கால்களில் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது வால்வுகள் தளர்ந்து, சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. சுருள்சிரை நோய் என்பது இதுவே. கடைத்தெருவில் மாலை எட்டு மணிக்கு ஒரு காலை மாற்றி மறுகாலில் எடையைத் தாங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்தால், மருத்துவ நூல் படிக்காமலே இது விளங்கும். தென்மாவட்டங்களிலிருந்து சென்னை தியாகராய நகருக்கு வந்து துணிக்கடைகளில் நிற்கும் இளைஞர்களின் வாழ்வை, 2010இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படமாக எடுத்தார். அதைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் பலர். அடுத்த தீபாவளிக்கு அவர்களும் அதே தெருவில்தான் துணி எடுத்திருப்பார்கள். அதில் தவறில்லை, துணி எங்காவது எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இந்தக் கோரிக்கை புதியதும் அன்று. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பணியாளருக்கான இருக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. விற்பனைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்றது அது. மூவரில் இருவர் எப்போதும் நின்றுகொண்டிருக்கலாம் என்று அன்றைய நாடாளுமன்றம் கருதியது போலும். தென்னமெரிக்காவின் சிலி நாடு 1914இல் ‘நாற்காலிச் சட்டம்’ இயற்றியது. மெக்சிகோவில் அதே பெயருடைய சட்டம் 2025 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாற்காலி கண்டங்களைக் கடந்து வருவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் கடைகள் எப்போதும் இப்படி இருந்தவை அல்ல. பழைய ஜவுளிக்கடையில் தரையை உயர்த்தி, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறிச் சம்மணமிட்டு உட்கார வேண்டும். வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார், சேலையை விரித்துக் காட்டுபவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். பட்டுச்சேலைக் கடைகள் சிலவற்றில் இன்றும் அப்படித்தான். அங்கு விலை பேசுவது இரண்டு பேர் பேசும் பேச்சாக இருந்தது. பிறகு கடைகள் மாடி மாடியாக உயர்ந்தன. கண்ணாடிப் பெட்டிகளும் நீண்ட மேசைகளும் குளிரூட்டிகளும் வந்தன. வாங்குபவருக்கு மெத்தென்ற இருக்கைகள் கிடைத்தன. மேசைக்கு அப்பால் இருந்தவர்கள் மட்டும் எழுந்து நின்றார்கள், நின்றவர்கள் நின்றவர்களே.

சட்டம் வந்தபின் பல கடைகளில் மேசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலிகள் வந்துவிட்டன. நான் பார்த்தவரை, அவற்றில் பெரும்பாலும் எவரும் உட்கார்ந்திருப்பதில்லை. துணிக்கட்டு, தண்ணீர்ப் புட்டி, அட்டைப்பெட்டி ஆகியவையே அவற்றில் வீற்றிருக்கின்றன. எனக்கு நன்கு பழக்கமான ஒரு கடைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கொடுமைக்காரர் அல்லர். வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுபவர். அவர் சொன்னார்: ‘நான் உட்காரக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால், நீங்கள் படியேறி வரும்போது நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பீர்கள்? இந்தக் கடையில் வியாபாரம் இல்லை, ஆள்களுக்கு வேலையில் அக்கறை இல்லை என்று நினைப்பீர்கள். அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். நான் சட்டத்துக்குப் பயப்படவில்லை, உங்களுக்குத்தான் பயப்படுகிறேன்.’

அந்த மறுமொழியில் ஒரு பங்கு சாக்குப்போக்கு இருக்கிறது. மீதி உண்மை. அந்த மீதிதான் என்னை விடவில்லை.

ஒரு முக்காலியின் விலை சில நூறு ரூபாய். அது பத்து ஆண்டுகள் உழைக்கும். கூலியை உயர்த்தினால் துணியின் விலை உயரும், வேலைநேரத்தைக் குறைத்தால் ஆள்கள் கூடுதலாக வேண்டும் என்றெல்லாம் வணிகர்கள் சொல்லக்கூடும். உட்காருவதற்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத பதினைந்து நிமிடங்களில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதால் எவருடைய பையிலிருந்தும் ஒரு காசு குறைவதில்லை. அப்படியானால் அவர் எதற்காக நிற்கிறார்? வேலைக்காக அன்று, வேலை செய்வதுபோல் தோன்றுவதற்காக. அந்தத் தோற்றம் யாருக்காக? கடைக்குள் நுழையும் நமக்காக. மின்விளக்குகளையும் மலர் அலங்காரத்தையும் போல அவருடைய கால்வலியும் நம்மை வரவேற்பதற்கான ஏற்பாடுகளுள் ஒன்றாகிவிட்டது.

கடைகளில் காந்தியடிகளின் படத்தோடு ஒரு வாசகம் மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளரே கடைக்கு வருபவர்களில் முதன்மையானவர், அவரைச் சார்ந்தே நாம் இருக்கிறோம் என்ற கருத்துடையது. காந்தியடிகள் அதைச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் காணப்படவில்லை. ஆனால் காந்தியடிகளோடு நெருங்கிப் பணியாற்றிய பொருளியல் அறிஞர் ஒருவர் வாடிக்கையாளரைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்காயராகப் பயின்று, தம் இறுதிக் காலத்தை மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பாதான் அவர். ஒரு பொருளுக்கு விலை மட்டும் இல்லை; அது உருவான விதத்தின் நன்மை தீமைகளும் அதனோடு சேர்ந்தே நம் வீட்டுக்குள் வருகின்றன; காசு கொடுத்ததோடு வாங்குபவரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பது அவருடைய பொருளியலின் அடிப்படை. சுவரில் மாட்டுவதற்கு ஏற்ற கருத்து அன்று அது. வாடிக்கையாளரைப் புகழ்வதற்குப் பதிலாக அவரிடம் கணக்குக் கேட்கிறது.

நுகர்வோருக்கு உரிமைகள் பல உண்டு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் ஆறு உரிமைகளைப் பட்டியலிடுகின்றன. பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு, குறைதீர்வு, விழிப்புணர்வுக் கல்வி என அவை விரிகின்றன. பள்ளிகளில் நுகர்வோர் மன்றங்கள் இவற்றைக் கற்பிக்கின்றன, கற்பிக்கவும் வேண்டும். எடை குறைந்தால் கேட்கவும், காலாவதியான பொருளைத் திருப்பித் தரவும் நாம் தெரிந்துகொண்டோம். ஆனால் இந்த ஆறும் நமக்கு வந்து சேர வேண்டியவற்றைப் பற்றியவை. பொருளை எடுத்துக் கொடுத்த கையைப் பற்றி இவற்றில் ஒரு வரியும் இல்லை.

தேயிலை எந்த மலையில், எத்தகைய உழைப்பில் விளைந்தது என்று கேட்டால், தெரியாது என்று சொல்லலாம். கைப்பேசிக்குள் இருக்கும் கோபால்ட்டு எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கேட்டாலும் அப்படியே. அந்த மறுமொழியில் நேர்மை உண்டு. தொலைவு உண்மையாகவே நம் கண்ணை மறைக்கிறது. ஆனால் துணிக்கடை மேசையின் அகலம் மூன்று அடி. அதற்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, முக்காலியும் தெரிகிறது. தெரியாது என்று சொல்ல இங்கே இடமில்லை.

மற்றொன்றையும் கவனித்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரையும் நாம் சோம்பேறிகள் என்று நினைப்பதில்லை. அலுவலகங்களில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் முன் நாம்தாம் நிற்கிறோம். அவர் எழுந்து நின்று நம் விண்ணப்பத்தை வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்து கீரை விற்கும் பாட்டியிடம், ‘எழுந்து நின்று கொடுங்கள்’ என்று எவரும் சொன்னதில்லை. நாம் குனிகிறோம், குந்துகிறோம், அவர் முகத்துக்கு நேராக நம் முகத்தைக் கொண்டுபோய் விலை கேட்கிறோம். ‘நேற்றே பத்து ரூபாய்க்குத்தான் கொடுத்தேன், வேண்டுமானால் எடு’ என்கிறார் அவர். அந்தக் கீரைக்கட்டு அவருடையது, அந்தச் சாக்கும் அவருடையது. பிறருடைய துணியைப் பிறருடைய கூரையின்கீழ் விற்பவரிடம் மட்டுமே நாம் நிற்றலை எதிர்பார்க்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரிடமும் அதையேதான் எதிர்பார்க்கிறோம்.

சென்ற ஆண்டு ஈரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். திருமணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் எனக்கு முன்பே அங்கு உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அப்பால் இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி நின்றுகொண்டு சேலைகளை ஒவ்வொன்றாக விரித்தாள். அம்மையார் இரண்டு சேலைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

‘கண்ணு, அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உட்காரு.’

‘பரவாயில்லீங்க, பழகிப்போச்சுங்க.’

‘எனக்குப் பழகலையே. நீ நின்னுட்டிருந்தா, சீக்கிரம் எடுத்துட்டுப் போன்னு வெரட்டற மாதிரி இருக்குது. நான் பத்துச் சேலையாவது பார்க்கோணும்.’

அந்தப் பெண் தளத்தின் கோடியில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அம்மையாரும் திரும்பி அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மேற்பார்வையாளர் எங்கள் பக்கமாக நடந்து வந்து, விலைச்சீட்டு ஒன்றைச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார். முக்காலியின் மீதிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எந்த நொடியிலும் எழுந்துவிடத் தயாரானவளைப் போல அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆறாவது சேலையை விரிக்கும்போதுதான் முழுவதுமாக உட்கார்ந்தாள்.