தனாவின் ஏழு படகுகள்

காளிகாட்டில் நான் தங்கியிருக்கும் வீட்டிற்குச் சமைக்க வரும் மாசி, சுந்தரவனத்துக் கோசாபா பகுதியைச் சேர்ந்தவர். 2009 மே 25 அன்று ஐலா புயல் மண்கரையை உடைத்து வயலுக்குள் உப்புநீரை ஏற்றியது. சில ஆண்டுகள் நெல் விளையவில்லை. குடும்பம் கேனிங்கிற்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து நாள்தோறும் விடியலுக்கு முன் ரயிலேறி வருகிறார்.

காலநிலை மாற்றத்தைக் கதைகள் வழியே மக்களிடம் கொண்டுசெல்வது பற்றியது என் ஆய்வு. களத்துக்குப் போகுமுன் வினாநிரலை மாசியிடம் சோதித்துப் பார்த்தேன். வங்காளத்தில் இதனை ‘ஜலபாயு பரிபர்த்தன்’ என்பர். நீரும் காற்றும் இணைந்த சொல். நமது ‘காலநிலை’யைவிடச் சுந்தரவனத்துக்கு நெருக்கமானது. மொழியியல் படித்தவளுக்கு வேறென்ன மகிழ்ச்சி வேண்டும்! மாசிக்கோ அது வானொலிச் சொல். ‘ஐலாவுக்கு முன்’, ‘ஐலாவுக்குப் பின்’ என்பதே அவருடைய கணக்கு.

வினாநிரலை மூடிவிட்டு வனபீபி கதையைத் தொடங்கினேன். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர வணங்கும் காட்டுத்தெய்வம் அவள். ஏழு படகுகள் நிறையத் தேனும் மெழுகும் பெறுவதற்காக, துக்கே என்னும் ஏழைச் சிறுவனைப் புலியுருவில் வரும் தட்சிணராயனுக்கு விட்டுச் செல்கிறான் தனா. வனபீபி சிறுவனைக் காக்கிறாள். தேவைக்கு மேல் இயற்கையிடம் எடுக்கலாகாது என்று பாடத்தையும் சொல்லி முடித்தேன்.

மாசி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “இந்தக் கதையைப் பாட்டி மடியில் கேட்டவள் நான், தீதி. இதில் நாங்கள் துக்கே. எங்களை ஏன் தனா ஆக்குகிறீர்கள்?”

என்னிடம் மறுமொழி இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் மிகக் குறைவாக எரித்தவர்களிடம் பேராசை குறித்து உபதேசம் செய்யவிருந்தேன். ‘விழிப்புணர்வு’ என்று நாம் பெயரிட்டு எழுதும் பெரும்பாலானவற்றில் இந்தத் தவறு இருக்கிறது என்றே இப்போது நினைக்கிறேன். இதே காளிகாட்டின் பட்டுவா ஓவியர்கள் இவ்வகையில் நம்மைவிடத் தெளிவானவர்கள். 1873இல் ஊரையே உலுக்கிய தாரகேஸ்வர் வழக்கை அவர்கள் படம்படமாகத் தீட்டி, கோயிலுக்கு வருவோரிடம் விற்றார்கள். செல்வாக்கு மிக்க மடாதிபதியைச் சிறைக்கைதியாக வரையவும் அவர்கள் தயங்கவில்லை. கதையில் குற்றவாளி யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

வினாநிரலின் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன்: ‘இன்று அந்த ஏழு படகுகள் யாரிடம் இருக்கின்றன?’ மறுநாள் மாசியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். அதற்கு ஒருநாள் போதாது, கேனிங் வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.