சினமும் நீடிய பொறுமையும்

சினங்கொள்ளாதார் உலகில் இலர். அநீதியைக் கண்டும் சினம் எழாத உள்ளத்தைப் பொறுமையுள்ள உள்ளம் என்பதைவிட மரத்துப்போன உள்ளம் என்பதே பொருந்தும். ஆதலால், எழுந்த சினத்தை யாது செய்வது என்பதே நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

கிறிஸ்தவ வேதாகமம் இவ்வினாவுக்கு வாழ்க்கைக்கேற்ற விடை தருகின்றது. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 4ஆம் அதிகாரம் சினத்துக்குச் சூரியன் மறையும்வரையே தவணை கொடுக்கின்றது. யாக்கோபின் நிருபமோ கேட்பதில் விரைவையும், பேசுவதிலும் கோபிப்பதிலும் தாமதத்தையும் வேண்டுகின்றது. கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் ஆவியின் கனியாக எண்ணப்படும் ஒன்பது பண்புகளுள் நீடிய பொறுமையும் இச்சையடக்கமும் இடம்பெறுகின்றன. நீடிய பொறுமையைக் குறிக்கும் 'மக்ரோதூமியா' என்னுங் கிரேக்கச் சொல், நெடுமை, உள்ளக் கொதிப்பு என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை. கொதிப்பு வெளிப்படுமுன் நெடும்பொழுது தாங்குபவனே பொறுமையுடையான் என்பது அதனாற் பெறப்படும்.

இதனை எனக்கு உணர்த்தியது விடுதி வாழ்க்கையே. முதலாம் ஆண்டிற் பகிடிவதைக்கு ஆளானோருள் நானும் ஒருவன். ஓரிரவு சிரேஷ்ட மாணவர் சிலர் என் தந்தையாரின் தொழிலைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அச்சத்தால் விளைந்ததேயன்றிப் பொறுமையால் விளைந்ததன்று. மறு ஆண்டு புதுமுக மாணவர் பெட்டிகளுடன் விடுதி வாயிலில் வந்து நின்றபோது, அடங்கிக் கிடந்த சினம் மீண்டுந் தலைதூக்கிற்று. அவமதித்தோர்மீது செல்ல வலியற்ற சினம் எளியோரை நோக்கித் திரும்பும் இயல்பினது. வெகுளாமை என்னும் 31ஆம் அதிகாரத்தை வள்ளுவர், சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன் என்ற கருத்துடன் தொடங்கியதன் நுட்பம் அப்பொழுதே எனக்கு விளங்கிற்று. உண்மையான சோதனை எனக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்தது. வந்தவர்களுள் ஒருவனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுடைய அறைவரை நடந்தேன். என் உள்ளம் அப்பொழுதும் முற்றாக ஆறியிருக்கவில்லை. எனினும் கைகளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

பொறுத்தல் என்பது அநீதிக்கு இணங்குதலே எனக் கருதுவாரும் உளர். அவர்கள் மாற்கு சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தை ஊன்றி நோக்குதல் நன்று. இயேசுநாதர் எருசலேம் ஆலயத்துட் சென்று யாவற்றையுஞ் சுற்றிப் பார்த்தபின், பொழுதுபட்டமையாற் பெத்தானியாவுக்குத் திரும்பினார். மறுநாள் வந்தே வணிகரைத் துரத்தி, காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். கண்டதற்கும் செய்ததற்கும் இடையே ஓரிரவு இருந்தது. சூரியன் மறையுமுன் விடவேண்டியது பகைமை; நீதிக்கான செயலோ விடியும்வரை காத்திருக்கலாம் என இதிலிருந்து நான் அறிந்துகொண்டேன்.

நமது நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. துன்புற்றவன் தெளிந்த மனத்துடன் முறைப்பாடு செய்வது பொறுமைக்கு இழுக்காகாது. துன்புறுத்தாதவனிடம் பழிதீர்ப்பதே இழுக்காகும்.

ஆண்டுதோறும் புதியோர் வருவர். முன்னோரிடம் பெற்ற துன்பத்தைப் பின்னோர்க்குக் கடத்தாது தம்மோடு நிறுத்திவிடுவோர் விடுதிக்கு ஒருசிலரேனும் இருப்பாராயின், இக்கொடிய வழக்கம் தளரத் தொடங்கும்.