கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி

வானொலிக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்த பாடங்களில் ஒன்று: காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் சரி, கதவின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டால் போதும். வெளியே யாரோ சிரிப்பது நேயர்களின் காதுவரை போய்விடும். அதனால் எங்கள் தொழிலில் கதவு ரப்பரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வோம்.

வீட்டுக் கதவை மட்டும் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. வாங்கும்போது கைப்பிடி, பூட்டு, வண்ணம் எல்லாம் பார்க்கிறோம். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள ஒரு விரல் இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை. பல்லி, கரப்பான், பூரான், ஈசல் எல்லாம் பார்த்து வைத்திருக்கின்றன. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் அளவு, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் சந்து போதும்.

இதைப் பற்றி யூடியூப்பில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க வீடுகள்தான் வரும். கார் நிறுத்தும் அறையின் பெரிய கதவு, அதன் அடியில் ரப்பர், வெளியே பனி. அங்கே குளிரை வெளியே நிறுத்துவதுதான் கவலை. நம் ஊர் வரிசை வீடுகளில் கார் திறந்த போர்ச்சில் நிற்கிறது. மழைச்சாரல், பூச்சி, புகைமூட்டம், வெளியே ஓடிவிடும் ஏர்கோன் குளிர் ஆகியவைதான் நம் கவலைகள். அவை வரும் வழி பெரும்பாலும் சமையலறையின் பின்கதவு.

என் அம்மா கிள்ளானில் ஒரு தாமானில், அப்பா வாங்கிய ஒற்றை மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 71. சாயங்காலம் வானம் கறுத்தால் அப்பாவின் பழைய கைலியைச் சுருட்டிப் பின்கதவின் அடியில் திணிப்பார். காலையில் அது நனைந்து கனத்துக் கிடக்கும். பிழிந்து காயப்போட்டு, மாலையில் மறுபடியும் திணிப்பார். அதற்கு ஒவ்வொரு முறையும் தரையில் மண்டியிட வேண்டும். அக்டோபரில் ஒருநாள் மண்டியிட்டவர், முட்டி பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழ முடியாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து போன் செய்தார். "இனிமே அம்மா அங்க தனியா இருக்க வேணாம். இங்க கொண்டாந்துடலாம். வீட்ட வாடகைக்கு விட்டுடு." அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு கதவுக்கு அடியில துணி வைக்க முடியலன்னு வீட்டையே விட்டுட்டுப் போகணுமா பாப்பா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு 36 வயதாகியும் நான் பாப்பாதான்.

சனிக்கிழமை அளவுநாடாவோடு போனேன். கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை ஏற்கெனவே இருந்தது. அப்பா காலத்தில் போட்டது. தொட்டால் பிளாஸ்டிக்போல விறைப்பாக இருந்தது. மடக்கியதும் உடைந்தது. ரப்பர் வெறும் தேய்மானத்தால் மட்டும் கெடுவதில்லை. வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் சேர்ந்து அதை இறுக வைத்து, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. இயற்கை ரப்பருக்கு இந்தப் பலவீனம் அதிகம். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் எளிதில் அறுத்துவிடுகிறது. அதனால்தான் வெளிக்கதவுகளுக்கும் கார் கதவுகளுக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முதன்மைச் சங்கிலியில் அந்தப் பலவீனம் இல்லை.

புதுப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது பால்மரத்து ரப்பரா?" என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அம்மாவும் பள்ளிக்கூடம் போகுமுன் விடியற்காலையில் மங்கு துடைக்கப் போனவர். "இல்லம்மா, பெட்ரோலியத்துல செய்யறது" என்றேன். "அதான் வாசனையே இல்ல" என்றார். பாட்டி பாலெடுத்த ரப்பர் உலகத்தின் எத்தனையோ சக்கரங்களுக்குப் போயிருக்கும். எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு அது ஏற்றதல்ல என்பது எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

ஹார்ட்வேர் கடையில் "கெத்தா பிந்து" என்று கேட்டால் நாலைந்து வகையை எடுத்துப் போடுவார்கள். பஞ்சுபோன்ற ஒட்டுப்பட்டை மலிவு. அறைக் கதவின் சட்டத்துக்குப் போதும், ஆனால் சீக்கிரம் நசுங்கிவிடும். உள்ளே குழல்போல வெற்றிடம் உள்ள ரப்பர் பட்டை, சட்டத்தின் மேலும் பக்கங்களிலும் ஒட்ட நல்லது. தூரிகைபோல மயிர் உள்ள பட்டை, இழுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் தரை சமமில்லாத இடத்துக்கும் ஏற்றது. மழைச்சாரல் அடிக்கும் வெளிக்கதவின் அடிப்பக்கத்துக்கு, அலுமினியப் பட்டியில் ரப்பர் செருகி, திருகாணியால் முடுக்கும் வகைதான் நிற்கும். பசையால் ஒட்டுவது ஈரத்தில் கழன்றுவிடும். நான் வாங்கியது இந்தக் கடைசி வகையும், சட்டத்துக்கு ஒரு சுருள் குழல் பட்டையும். இரண்டும் சேர்த்து 50 வெள்ளிகூட ஆகவில்லை.

எங்கே சந்து இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கசியும் இடம்தான் சந்து. அல்லது ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்துங்கள். இழுத்ததும் தாள் தடையின்றி வந்தால், அங்கே பட்டை வேலை செய்யவில்லை.

பழைய பட்டையைக் கழற்றி, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் ஒட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது. கதவின் அகலத்தை அளந்து, அலுமினியப் பட்டியை இரும்பறுக்கும் ரம்பத்தால் வெட்டினேன். பட்டியில் உள்ள துளைகள் நீள்வட்டமாக இருக்கும். திருகாணியை அதன் நடுவில் முடுக்கினால், பிறகு மேலும் கீழும் நகர்த்திச் சரிசெய்யலாம். வெளியிடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே வேண்டும். ரப்பர் தரையை மெல்லத் தொட்டால் போதும். அழுத்தி மடங்கினால் சீக்கிரம் தேயும், கதவும் கனக்கும். மரக்கதவு மழைக்காலத்தில் உப்பும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முடித்ததும் அம்மாவையே பலமுறை திறந்து மூடச் சொன்னேன். வயதானவர் இருக்கும் வீட்டில் இதுதான் முக்கியமான சோதனை. அவசரத்தில் ஒரு கையால் திறக்க முடியாத கதவு, சாரலைவிட ஆபத்தானது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் சமையலறைக்குள் இருந்தால், கதவின் அடிச்சந்தை அடைக்குமுன் அதை வெளியே மாற்றி, ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பரிசோதியுங்கள். அம்மா வீட்டில் சிலிண்டர் முன்பிருந்தே பின்வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள், உங்கள் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுக் கைவையுங்கள். அதன் விளிம்பில் உள்ள பட்டை, சூட்டில் ஊதிப் பெருத்துப் புகையைத் தடுப்பதற்காக வைத்தது. அதைப் பிடுங்கக்கூடாது.

பின்கதவு முடிந்தது. அம்மாவின் படுக்கையறைக் கதவும் முடிந்தது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. அந்த நாட்களில் அவருக்கு இழுப்பு வரும். நாக்கோ ஜன்னல்கள் நிறைந்த வீட்டை முழுவதும் அடைக்க முடியாது. கண்ணாடி ஜன்னல் உள்ள ஓர் அறையை மட்டும் இறுக்கி, காற்றுச் சுத்திகரிப்பானை வைத்தால் அங்கே படுக்கலாம். அதற்குத்தான் அந்த அறை.

அடுத்து வாசற்கதவுக்குப் போனேன். அம்மா தடுத்தார். "இத விட்டுடு பாப்பா. இதையும் அடச்சா எனக்கு ஒண்ணும் கேக்காது."

அவர் சொன்னபிறகுதான் அந்த வீட்டை ஒரு வானொலிக்காரியின் காதோடு கேட்டேன். விடியற்காலையில் பேப்பர் போடுபவரின் மோட்டார் சைக்கிள். ரொட்டிக்காரரின் ஹாரன். எதிர்வீட்டுப் பேரப்பிள்ளைகள் பள்ளி வேனுக்கு ஓடும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டைத் திறப்பது. அம்மா வெளியே வராமலேயே தாமானில் யார் வந்தார், யார் போனார் என்று அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அம்மா கூப்பிட்டால் அவர்களுக்கும் கேட்கும். முட்டி பிடித்துக்கொண்ட அன்று அக்கா ஓடிவந்தது அந்தச் சந்து வழியே கேட்ட குரலால்தான்.

வாசற்கதவின் அடியில் தூரிகைப் பட்டை மட்டும் போட்டேன். பூச்சியை நிறுத்தும், குரலை நிறுத்தாது. சட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தப் பட்டைகளால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2021 டிசம்பரில் வந்ததுபோல வெள்ளம் வந்தால் எந்த ரப்பரும் நிறுத்தாது. அம்மாவின் முட்டியும் இளையதாகப் போவதில்லை. ஜொகூர் பேச்சு மறுபடி வரும், அன்றைக்குப் பேசுவோம். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியது நனைந்த கைலி அல்ல, அம்மா. அண்ணனுக்குப் படங்களை அனுப்பினேன். "அடுத்த மாசம் வரேன், குளியலறையில கைப்பிடி போட்டுடலாம்" என்று பதில் வந்தது.

உங்கள் அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் வீட்டுக்கு அடுத்தமுறை போகும்போது, ஒரு டார்ச் லைட்டும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். எதை அடைக்க வேண்டும், எதைத் திறந்தே விடவேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.