பந்தயக் காரும் பாரவண்டியும்

பழைய பந்தயக் காரொன்றை இன்றைய பிக்கப் வண்டியோடு ஒப்புநோக்குதல், அரசகுமாரனையும் உழவனையும் ஒரே தராசில் நிறுப்பது போலத் தோன்றலாம். ஆயினும் இவ்விரண்டுக்குமுள்ள உறவு முன்னரே ஏளனமாகச் சுட்டப்பட்டதொன்றாகும். எடை குறைந்த, நேர்த்தியான பந்தயக் கார்களைப் படைத்த எத்தோரே புகாட்டி, ஆங்கிலேயரின் பென்ட்லிக் கார்களை உலகின் அதிவேக லொறிகள் என எள்ளினார் என்பர்.

ஏளனத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. புகாட்டியின் 35ஆம் வகைக் கார் ஏறத்தாழ 750 கிலோகிராம் நிறையுடையது. 1927இல் தோன்றிய நாலரை லீற்றர் பென்ட்லியோ அதனிலும் இருமடங்குக்கு மேற்பட்டது. அதனைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி இளமையில் புகையிரதத் தொழிற்சாலையிற் பயின்றவர். நீராவி எஞ்சினின் உறுதியையே அவர் காரிலும் நாடினார் எனலாம்.

அவ்வுறுதி 1928இல் சோதனைக்குள்ளாயிற்று. பிரான்சின் லு மான் நகரில், கார்களின் தாங்குதிறனைச் சோதிக்கவென 1923இல் தொடங்கப்பட்ட 24 மணிநேரப் பந்தயம் முடிவை நெருங்குகையில், பென்ட்லியின் அடிச்சட்டம் விரிசல் கண்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் ஒழுகிப் போயிற்று. வூல்ஃப் பார்னாட்டோ அதனைப் பக்குவமாகச் செலுத்தி முதலாவதாக முடித்தார்.

இன்றைய பிக்கப்புகளுள் டொயோட்டா ஹைலக்ஸை நோக்குமிடத்து வியப்பே மிஞ்சுகின்றது. பென்ட்லியைப் போலவே அதற்கும் ஏணி வடிவான எஃகு அடிச்சட்டம். பின்னச்சைத் தாங்குவன அடுக்குத் தகட்டு விற்கள். அதன் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினிலும் உருளைகள் நான்கு, வால்வுகள் பதினாறு. ஆனால் பந்தயப் பென்ட்லி தந்தது ஏறத்தாழ 130 பரிவலு. இவ்வெஞ்சினோ 2020 முதல் 204 பரிவலு வரை தருகின்றது. பார்னாட்டோ கிம்பர்லி வைரச் செல்வத்தின் வாரிசு. அத்தகையோரிடம் மட்டுமே இருந்த வலுவினும் மிக்க வலு, இன்று மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சுமக்கின்றது. பொறியியலின் பெருமை கோப்பையிலன்றி இதிலேயே உள்ளது.

எனினும் இழப்பே இல்லையென்று கூறுவதற்கில்லை. பென்ட்லியின் ஓட்டுநர், பற்சில்லுகள் உராயாதவாறு எஞ்சினின் ஒலிகேட்டு வேகத்தைப் பொருத்தியே கியரை மாற்ற வேண்டியிருந்தது. இருக்கைப் பட்டியின்றி உயிரைப் பணயம் வைத்தே அவர் ஓடினார். இன்று சில்லுகள் இறுகிச் சறுக்காமற் காப்பதும் இலத்திரனியலே. உயிர்காக்கும் இம்மாற்றத்தைப் பழித்தல் தகாது. ஆனால் செவியும் கையும் செய்த பணி இயந்திரத்திடம் சென்றபோது, இயந்திரத்தின் நோவை உணரும் பழக்கமும் மனிதரிடம் குறைந்தது.

பென்ட்லியின் உறுதி பிக்கப்புக்கு வாய்த்துவிட்டது. புகாட்டியின் ஏளனம் புகழுரையாயிற்று. ஆனால் விரிசல் கண்ட வண்டியை வீடுசேர்த்த அந்தக் கவனம் எஞ்சினோடு சேர்த்து விற்கப்படுவதன்று. அதனை ஒவ்வோர் ஓட்டுநரும் தாமே பயின்றுகொள்ளல் வேண்டும்.